அமெரிக்கக் கல்லூரி மகளிர் கூடைப்பந்து: தலைமைப் பயிற்சியாளர் ஆவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி மகளிர் கூடைப்பந்தைப் பார்க்கத் தொடங்குபவர்கள் முதலில் வீராங்கனைகளின் பெயர்களைத் தெரிந்துகொள்கிறார்கள். இரண்டு பருவம் போனதும் கேள்விகள் வேறு பக்கம் திரும்பும். கோட்டோரம் நின்று தொண்டை கிழியக் கத்தும் அந்தப் பெண்மணி யார், எங்கிருந்து வந்தார், ஒரு தோல்விக்குப் பிறகு ஏன் காணாமல் போனார்? அப்படிக் கேட்பவர்களுக்காக இந்தப் பதில்கள்.

கல்லூரிப் பயிற்சியாளர் என்றால் நம் ஊர் உடற்கல்வி இயக்குநர் போன்றவரா?

இல்லை. நம் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் ஒருவரே கைப்பந்து, கபடி, தடகளம், விளையாட்டு விழா அணிவகுப்பு என எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார். அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் மகளிர் கூடைப்பந்து அணி தனி அலுவலகம். தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே ஐந்து உதவிப் பயிற்சியாளர்கள் வரை இருக்கலாம். அதற்கு மேல் வீடியோ தொகுப்பாளர், பயண ஏற்பாடுகளைக் கவனிப்பவர், உடற்பயிற்சி நிபுணர், காயங்களைப் பார்ப்பவர் என்று தனித்தனி ஆட்கள். அணியில் ஆடும் பெண்கள் அதிகபட்சம் 15 பேர்தான். சில இடங்களில் ஆடுபவர்களின் எண்ணிக்கைக்குச் சமமாக ஆட்டுவிப்பவர்கள் இருப்பார்கள்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மேல்படியான டிவிஷன் 1-இல் மட்டும் சுமார் 360 மகளிர் அணிகள் உள்ளன. அதற்குக் கீழே டிவிஷன் 2, விளையாட்டு உதவித்தொகையே தராத டிவிஷன் 3, என்ஏஐஏ என்ற தனி அமைப்பின் சிறு கல்லூரிகள், இரண்டாண்டுக் கல்லூரிகள். இந்த எல்லாப் படிகளிலும் தலைமைப் பயிற்சியாளர் உண்டு. தொலைக்காட்சியில் தெரிபவர்கள் அவர்களில் ஒரு கைப்பிடிதான். அந்தத் தொலைக்காட்சியும் சாதாரணமல்ல. 2024-இல் சவுத் கரோலைனாவும் ஐயோவாவும் மோதிய இறுதியாட்டத்தைச் சராசரியாக 1.89 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஆண்கள் இறுதியாட்டத்தை அதைவிடக் குறைவானவர்களே பார்த்தார்கள்.

இதற்கென்று படிப்போ உரிமமோ உண்டா?

நம் நாட்டில் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயத்தைக் கேட்பது போல அங்கே எதையும் கேட்பதில்லை. இளநிலைப் பட்டம் வேண்டும். முதுநிலைப் பட்டம் பலரிடம் இருக்கும். வெளியே போய் ஆள் சேர்ப்பதற்கு என்சிஏஏ விதிகளில் ஒரு தேர்வு எழுதித் தேற வேண்டும். அவ்வளவுதான். எந்தத் துறையில் பட்டம் என்று யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. யாரிடம் வேலை பார்த்தாய் என்பதுதான் முதல் கேள்வி.

பெரிய வீராங்கனையாக இருந்திருந்தால்தான் வாய்ப்பு கிடைக்குமா?

உதவும், ஆனால் கட்டாயமில்லை. கனெக்டிகட்டின் ஜீனோ ஆரியெம்மா இத்தாலியிலிருந்து ஏழு வயதில் பென்சில்வேனியாவுக்கு வந்தவர். சொல்லிக்கொள்ளும்படியான ஆட்டக்காரர் இல்லை. 2025 வரை 12 தேசியப் பட்டங்கள் வாங்கியிருக்கிறார். ஸ்டான்ஃபோர்டில் 38 பருவங்கள் பயிற்சியளித்த டாரா வான்டர்வீர் இண்டியானா பல்கலைக்கழக அணியில் ஆடியவர். ஆனால் அங்கே அவர் உண்மையில் படித்த பாடம், ஆண்கள் அணியின் பயிற்சியாளர் பாப் நைட் நடத்தும் பயிற்சிகளுக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து கவனித்தது.

மறுபக்கம் டான் ஸ்டேலி. மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவர். 2000-ஆம் ஆண்டு டெம்பிள் பல்கலைக்கழகம் அவரை நேரடியாகத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. அதற்கு முன்பு எந்த அணியிலும் உதவியாளராகக்கூட இருந்ததில்லை. வயது 30. அதற்குப் பிறகும் 2006 வரை கோடையில் மகளிர் தொழில்முறை லீகான டபிள்யூஎன்பிஏ-வில் ஆடிவிட்டு, குளிர்காலத்தில் கல்லூரி அணியை நடத்தினார். நட்சத்திரங்களுக்குக் கதவு சீக்கிரம் திறக்கும். உள்ளே போன பிறகு நட்சத்திரமாக இருந்ததால் மட்டும் யாரும் தாக்குப்பிடித்ததில்லை. தனக்குத் தானாக வந்தது மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை என்று புரியாமல் திணறிய பெரிய ஆட்டக்காரர்கள் எல்லா விளையாட்டிலும் இருக்கிறார்கள்.

முதல் வேலை எப்படிக் கிடைக்கிறது?

பெரும்பாலும் முதுநிலை மாணவி உதவியாளராக. படிப்புக் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ளும், கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம் தரும். பதிலுக்குப் பந்து பொறுக்குவதிலிருந்து விமான நிலையத்துக்குப் போய் ஆட்களை அழைத்து வருவது வரை எதையும் செய்யலாம். இன்னொரு வாசல் வீடியோ அறை. ஆட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி, எந்தச் சைகைக்கு எந்த ஆட்ட நகர்வு ஓடுகிறது என்று பெயரிட்டு அடுக்கும் வேலை. கண் வீங்கும், ஆனால் அதைப் போல ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வேறில்லை. பயணம், விடுதி, சாப்பாடு, பேருந்து என ஓடும் செயல்பாட்டு இயக்குநர் பதவி மூன்றாவது வாசல். உயர்நிலைப் பள்ளி அணிகளிலிருந்து வருபவர்களும் உண்டு. டெக்சஸ் ஏ அண்ட் எம் அணிக்கு 2011-இல் பட்டம் வாங்கித் தந்த கேரி பிளேர் அப்படி வந்தவர்.

வான்டர்வீர் படிப்பு முடித்ததும் கையில் காசில்லாமல் வீட்டுக்குத் திரும்பி, தங்கையின் பள்ளி அணிக்குப் பயிற்சியளித்தார். பிறகு ஒஹாயோ ஸ்டேட்டில் சம்பளமே இல்லாமல் உதவியாளர். அங்கிருந்து 25 வயதில் ஐடஹோவில் தலைமைப் பயிற்சியாளர். பெரிய பெயர்களின் தொடக்கத்தைத் தோண்டிப் பார்த்தால் சம்பளமில்லாத ஓர் ஆண்டு அடிக்கடி அகப்படுகிறது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. சம்பளமில்லாமல் ஓராண்டு ஓட்டக்கூடிய வீட்டிலிருந்து வந்தவர்களுக்கே அந்த வாசல் திறந்திருந்தது என்பதும் அதில் இருக்கிறது.

டென்னசியின் புகழ்பெற்ற பேட் சம்மிட் 22 வயதில் தலைமைப் பயிற்சியாளர் ஆனாரே, இன்று அது நடக்குமா?

நடக்காது. 1974-இல் அவர் டென்னசி பல்கலைக்கழகத்துக்கு முதுநிலை மாணவியாக, உதவியாளர் வேலைக்குத்தான் போனார். இருந்த பயிற்சியாளர் விடுப்பில் போய்விட, அணி இவர் கையில் வந்தது. மாதம் 250 டாலர். உடற்கல்வி வகுப்பு எடுக்க வேண்டும், தன் பட்டத்துக்குப் படிக்க வேண்டும், முழங்கால் காயத்திலிருந்து மீண்டு 1976 ஒலிம்பிக் அணியில் இடம் பிடிக்க வேண்டும். இதற்கு நடுவில் வேனை ஓட்டினார், வீராங்கனைகளின் சீருடைகளைத் துவைத்தார். அந்தச் சீருடைகளை வாங்கியது டோனட் விற்ற காசில். அணியில் சிலர் அவரைவிட ஒரே வயது இளையவர்கள். முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோற்றார். 1976-இல் வெள்ளிப் பதக்கமும் வாங்கிவிட்டார்.

அவர் 2012-இல் விலகும்போது கணக்கு 1,098 வெற்றி, எட்டு தேசியப் பட்டம். டென்னசியில் தங்கள் ஆட்டக் காலத்தை முழுதாக முடித்த அவருடைய வீராங்கனைகள் எல்லோரும் படிப்பை முடித்துக் கல்லூரிப் பட்டம் பெற்றார்கள். வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும் என்பது அவர் போட்ட விதி. வெற்றிக் கணக்கைவிட இந்த விதிதான் அந்த மனிதரை எனக்குக் காட்டுகிறது.

அன்று அந்த வேலையை யாரும் வேலையாகவே மதிக்கவில்லை. அதனால்தான் 22 வயதுப் பெண்ணிடம் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் 1972-இல் வந்த டைட்டில் ஒன்பது சட்டம், அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் பாலின அடிப்படையில் வேறுபாடு காட்டக் கூடாது என்றது. அது மெல்ல மெல்லப் பணத்தையும் அரங்கத்தையும் கொண்டுவந்தது. மதிப்பு கூடக் கூட வாசற்படியும் உயர்ந்துவிட்டது.

உதவிப் பயிற்சியாளர் நாள் முழுக்க என்ன செய்கிறார்?

வரப்போகும் எதிரணிகளை உதவியாளர்கள் ஆளுக்குச் சிலவாகப் பிரித்துக்கொள்வார்கள். வியாழக்கிழமை வரும் அணி உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய கடைசி நான்கைந்து ஆட்டங்களை முதலில் பார்த்து முடிக்க வேண்டும். அவர்களின் பயிற்சியாளர் முஷ்டியை உயர்த்தினால் எந்த நகர்வு, தலையைத் தட்டினால் எந்த நகர்வு என்று குறித்துக்கொள்ள வேண்டும். இடது கைக்காரி வலப்பக்கம் போகக் கட்டாயப்படுத்தினால் என்ன ஆகிறாள், எந்த உயரமான பெண் மூன்றாவது கால்பகுதியில் மூச்சு வாங்குகிறாள், ஃபிரீ த்ரோவில் நடுங்குபவள் யார் என்பதெல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். பக்கம் நீண்டால் வீராங்கனைகள் படிக்க மாட்டார்கள்.

அடுத்து, அந்த எதிரணியைப் போலவே ஆட ஒரு குழு வேண்டும். பெரிய கல்லூரிகளில் இதற்காக ஆண் மாணவர்களைத் திரட்டி வைத்திருப்பார்கள். உள்ளூர்ப் பள்ளியில் நன்றாக ஆடி, கல்லூரி அணியில் இடம் கிடைக்காத பையன்கள். அவர்களுக்கு எதிரணியின் ஆட்டங்களைக் கற்றுக்கொடுத்து, நம் பெண்களுக்கு எதிராக ஓடவிட வேண்டும். ஆட்ட நாளன்று எதிரணி நீங்கள் சொல்லாத ஒன்றை முதல் நிமிடத்திலேயே ஆடினால், தலைமைப் பயிற்சியாளர் பெஞ்சில் திரும்பி உங்களைத்தான் பார்ப்பார்.

அணிப் பயிற்சிக்குப் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேர வரம்பு உண்டு, ஒரு நாள் ஓய்வும் உண்டு. அந்த வரம்பு மாணவிகளுக்குத்தான்.

அப்படியானால் இந்த வேலையின் பெரும்பகுதி ஆட்டத்தைச் சொல்லித் தருவதா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெரும்பகுதி ஆள் சேர்ப்பு. எந்த ஊரில் எந்தப் பதினைந்து வயதுப் பெண் வளர்ந்து வருகிறாள், அவளுடைய முடிவு அம்மா கையிலா பாட்டி கையிலா, அவளுடைய கிளப் பயிற்சியாளர் யாருடைய நண்பர் என்று தெரிந்துவைத்திருப்பதுதான் ஓர் உதவியாளரின் முதலீடு. ஜூலை மாதம் வந்தால் கிளப் போட்டிகள் நடக்கும் பெரிய கூடங்களில், பக்கத்துப் பக்கத்து ஆடுகளங்களைச் சுற்றிக் கல்லூரிச் சின்னம் பொறித்த சட்டைகளோடு பயிற்சியாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கலாம், பேசக் கூடாது என்ற கட்டம் அது. ஆகவே நான் வந்திருக்கிறேன் என்று அந்தப் பெண்ணின் கண்ணில் படும்படி உட்காருவதும் ஒரு கலை.

1990 செப்டம்பரில் நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த சம்மிட், மிஷெல் மார்சினியாக் என்ற பள்ளி மாணவியைத் தன் அணிக்கு அழைக்கப் பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் போனார். அங்கேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. குழந்தை டென்னசியில்தான் பிறக்க வேண்டும் என்று பிடிவாதமாக விமானம் ஏறினார். வழியில் வர்ஜீனியாவில் இறக்கலாம் என்று விமானி சொன்னபோது மறுத்துவிட்டார். அந்த ஆண்டு தேசியப் போட்டியில் டென்னசியை வெளியேற்றியது வர்ஜீனியா அணி. மகன் நாக்ஸ்வில்லில் நல்லபடியாகப் பிறந்தான். இத்தனைக்கும் பிறகு அந்த மாணவி சேர்ந்தது நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில்! ஓராண்டு கழித்து டென்னசிக்கு மாறி வந்து, 1996 பட்டத்தின்போது இறுதிச் சுற்றின் சிறந்த வீராங்கனையானார்.

அன்று அணி மாறுவது அபூர்வம், மாறினால் ஓராண்டு வெளியே உட்கார வேண்டும். 2018-இல், அணி மாற விரும்புபவர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021 முதல் ஒரு முறையும், 2024 முதல் எத்தனை முறை வேண்டுமானாலும் காத்திருக்காமல் மாறலாம். 2021 ஜூலை முதல் வீராங்கனைகள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகமே அவர்களுக்குப் பணம் தரலாம். எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்கு 2.05 கோடி டாலர். பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. மிச்சத்தில் தன் அணிக்கு எவ்வளவு என்று வாதாடி வாங்குவதும் இன்று தலைமைப் பயிற்சியாளரின் வேலை. ஆக, வெளியே ஒரு பெண்ணைச் சேர்க்கும் அதே நேரத்தில், உள்ளே இருப்பவளையும் ஒவ்வொரு வசந்தத்திலும் மறுபடி சேர்க்க வேண்டியிருக்கிறது.

எத்தனை ஆண்டு உதவியாளராக இருக்க வேண்டும்?

கணக்கே கிடையாது. ஐயோவாவின் ஜான் ஜென்சன், டிரேக் பல்கலைக்கழகத்தில் ஆடியபோது 1991-இல் நாட்டிலேயே அதிகப் புள்ளிச் சராசரி வைத்திருந்தவர். அடுத்த ஆண்டே லீசா ப்ளூடரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ப்ளூடர் 2000-இல் ஐயோவா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது கூடவே போனார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். 2024 மே மாதம் ப்ளூடர் ஓய்வை அறிவித்த அன்றே ஜென்சன் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். கனெக்டிகட்டில் கிறிஸ் டெய்லி 1985-இலிருந்து ஆரியெம்மாவின் வலக்கை. வேறு அணிக்குத் தலைமையேற்கப் போகவில்லை.

இன்னொரு வகை கிம் மல்க்கி. லூசியானா டெக் அணியில் ஆடிப் பட்டம் வென்று, அதே இடத்தில் 15 ஆண்டு உதவியாளராக இருந்தார். 2000-இல் தலைமைப் பதவி அவரைத் தேடி வந்தது. அவர் கேட்டது ஐந்தாண்டு ஒப்பந்தம். பல்கலைக்கழகம் அதற்கு இறங்கி வரவில்லை. முந்தைய பருவத்தில் 7 வெற்றி, 20 தோல்வி என்று கிடந்த பெய்லர் அணிக்குப் போய்விட்டார். ஐந்தாவது பருவத்தில், 2005-இல், பெய்லர் தேசியப் பட்டம் வென்றது. ஆள் சேர்த்து, அவர்கள் வளர்ந்து மூன்றாம் ஆண்டு மாணவிகளாகும் வரை பொறுக்கும் ஒப்பந்தம் வேண்டும் என்று அவர் கேட்டதில் எவ்வளவு நியாயம் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

காத்திருப்பதா, கிளம்புவதா என்று கேட்டால் என் கருத்து இது. உங்கள் தலைவர் தன் முடிவுகளில் உங்களுக்குப் பங்கு தருகிறார் என்றால் இருங்கள். ஒரே பொறுப்பை மூன்றாவது ஆண்டாகச் செய்துகொண்டிருந்தால் கிளம்புங்கள்.

முதல் தலைமைப் பொறுப்பு எந்த மாதிரி இடத்தில் அமையும்?

தோற்றுக்கொண்டிருக்கும் இடத்தில். ஜெயிக்கும் அணி காலியாவதில்லை, காலியானாலும் புதியவரிடம் கொடுப்பதில்லை. ஆரியெம்மா 1985-இல் பொறுப்பேற்றபோது கனெக்டிகட் மகளிர் அணியின் வரலாற்றிலேயே வெற்றி அதிகமாக இருந்த பருவம் ஒன்றே ஒன்றுதான். அவருடைய முதல் பருவமும் 12 வெற்றி, 15 தோல்வி. ஸ்டேலி 2008-இல் சவுத் கரோலைனாவுக்குப் போன முதல் ஆண்டில் 10 வெற்றி, 18 தோல்வி. அங்கிருந்து 2017, 2022, 2024 பட்டங்களுக்கு வந்த பாதையில் முக்கியமான திருப்பம், அதே மாநிலத்துப் பெண்ணான ஏஜா வில்சனை 2014-இல் தன் அணிக்குக் கொண்டுவந்தது. சொந்த ஊர்த் திறமை வெளியூர் போகாமல் தடுத்தால் பாதி வேலை முடிந்தது.

சிறு கல்லூரி வழி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ப்ளூடர் தொடங்கியது என்ஏஐஏ கல்லூரியான செயின்ட் ஆம்ப்ரோஸில். கிம் கால்ட்வெல் மேற்கு வர்ஜீனியாவில் தான் படித்த கிளென்வில் ஸ்டேட் என்ற டிவிஷன் 2 கல்லூரியில் ஏழு பருவங்களில் 191 ஆட்டம் வென்றார், தோற்றது 24. 2022-இல் அந்தப் பிரிவின் தேசியப் பட்டம். பிறகு மார்ஷல் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு பருவம். 2024-இல் சம்மிட் உட்கார்ந்த டென்னசி நாற்காலிக்கு அவரை அழைத்தார்கள். ஐந்து பேரை மொத்தமாக வெளியே எடுத்து ஐந்து பேரை உள்ளே அனுப்பும், மூச்சுவிட இடம் கொடுக்காத அவருடைய ஆட்டமுறை சிறு கல்லூரியில் உருவானது. யாரும் கவனிக்காத இடத்தில்தான் பரிசோதனை செய்ய முடியும்.

தேர்வு எப்படி நடக்கும்? விளம்பரம் வருமா?

வரும். விதிப்படி போட வேண்டியிருப்பதால் போடுவார்கள். பெரிய இடங்களில் அந்த விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தவருக்கு வேலை கிடைப்பது அரிது. விளையாட்டுத் துறை இயக்குநரின் மேசையில் எப்போதும் நான்கைந்து பெயர்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கும். நாற்காலி காலியானதும் ஆள் தேடும் நிறுவனம் ஒன்று ரகசியமாகத் தொலைபேசியில் விசாரிக்கும். முகவர்கள் பேசுவார்கள். சில நாட்களில் முடிந்துவிடும், ஏனென்றால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் வீராங்கனைகள் போர்ட்டலில் பெயர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இறுதிச் சுற்று நடக்கும் ஊரிலேயே பயிற்சியாளர்கள் சங்கத்தின் ஆண்டு மாநாடும் நடக்கும். விடுதி முகப்பில் காபிக் கோப்பையோடு நிற்கும் இளைய உதவியாளர்களில் பலர் வேலை தேடித்தான் நிற்கிறார்கள்.

நேர்காணலில் ஆட்டத் திட்டத்தைவிட, முதல் முப்பது நாளில் யாருக்குத் தொலைபேசி செய்வாய், உதவியாளர்களாக யாரைக் கொண்டுவருவாய் என்பதற்கே எடை அதிகம். ஒப்பந்தத்தில் தன் சம்பளத்தைவிட உதவியாளர்களுக்கான மொத்தத் தொகையைக் கவனிப்பவர்தான் விவரமானவர்.

சம்பளம்?

சம்மிட்டின் 250 டாலரிலிருந்து எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். 2023-இல் லூசியானாவின் எல்எஸ்யூ பல்கலைக்கழகம், பெய்லரிலிருந்து அங்கே மாறியிருந்த மல்க்கியோடு பத்தாண்டுக்கு 3.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. 2025 ஜனவரியில் ஸ்டேலியின் ஒப்பந்தம் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டாலராக உயர்ந்தது, மகளிர் கல்லூரிக் கூடைப்பந்தில் அதுவரை இல்லாத தொகை. இவற்றை மட்டும் பார்த்து யாரும் கிளம்பிவிடக் கூடாது. டிவிஷன் 3 கல்லூரிகளில் தலைமைப் பயிற்சியாளர் வகுப்பும் எடுப்பார், இன்னொரு விளையாட்டின் பொறுப்பும் பார்ப்பார். வேனை அவரே ஓட்டும் இடங்கள் இன்றும் உண்டு.

வேலை போய்விட்டால் கதை முடிந்ததா?

கெல்லி ஹார்ப்பரைப் பாருங்கள். சம்மிட்டின் அணியில் 1996, 1997, 1998 என மூன்று பட்டம் வென்ற பாயின்ட் கார்டு. உதவியாளராக இரண்டு இடங்கள். பிறகு வெஸ்டர்ன் கரோலைனாவில் தலைமைப் பயிற்சியாளர். அங்கே நன்றாகச் செய்து நார்த் கரோலைனா ஸ்டேட் போனார், 2013-இல் நீக்கப்பட்டார். ஒரு படி இறங்கி மிசௌரி ஸ்டேட் போய், 2019-இல் அணியைத் தேசியப் போட்டியின் கடைசி 16-க்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டு தாய்வீடான டென்னசி அழைத்தது. ஐந்து பருவம், 108 வெற்றி, இரண்டு முறை கடைசி 16. வேறு பெரும்பாலான இடங்களில் இதற்கு ஒப்பந்தத்தை நீட்டியிருப்பார்கள். டென்னசி 2024 ஏப்ரலில் நீக்கிவிட்டது. அவருடைய இடத்துக்குத்தான் கால்ட்வெல் வந்தார். ஓராண்டு கழித்து மிசௌரி பல்கலைக்கழகம் ஹார்ப்பரை எடுத்துக்கொண்டது.

முன்கூட்டியே நீக்கினால் மீதமுள்ள ஆண்டுகளுக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். தலைமைப் பயிற்சியாளர் அதை வைத்துச் சமாளித்துவிடுவார். அவரோடு சேர்ந்து வேலை இழக்கும் உதவியாளர்களைப் பற்றித்தான் செய்தி எதுவும் வருவதில்லை. வாடகை வீடு, பள்ளி மாற வேண்டிய பிள்ளைகள், மே மாதத்துக்குள் வேறு ஊர். இந்தத் தொழிலின் உண்மையான விலை அங்கே இருக்கிறது.

மகளிர் அணிகளுக்குப் பெண்கள்தானே பயிற்சியளிக்கிறார்கள்?

1972-க்கு முன் கல்லூரி மகளிர் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பெண்களிடம்தான் இருந்தன. சட்டம் வந்து பணமும் சம்பளமும் வந்ததும் ஆண்களும் வந்தார்கள். இன்று எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் பெண் தலைமைப் பயிற்சியாளர்கள் பாதிக்கும் குறைவு. கூடைப்பந்து இதில் தேவலாம். ஆனால் ஆண்கள் அணிகளுக்குப் பெண்கள் போகும் வாசல் அநேகமாக மூடியே இருக்கிறது, போக்குவரத்து ஒரே திசையில்.

ஆடுபவர்களில் கறுப்பினப் பெண்கள் ஏராளம், ஆனால் தலைமை நாற்காலிகளில் அந்த அளவு இல்லை. 1982-இல் முதல் என்சிஏஏ மகளிர் இறுதியாட்டத்துக்கே செய்னி ஸ்டேட் என்ற கறுப்பினக் கல்லூரியைக் கொண்டுவந்தவர் விவியன் ஸ்ட்ரிங்கர். பின்னர் ஐயோவா, ரட்கர்ஸ் அணிகளையும் சேர்த்து மூன்று வெவ்வேறு கல்லூரிகளைக் கடைசி நான்குக்குக் கொண்டுபோனார். அவருக்குப் பட்டம் கிடைக்கவே இல்லை. 1999-இல் பர்டியூ அணியோடு கரோலின் பெக் வென்றபோதுதான் டிவிஷன் 1 பட்டம் முதன்முறையாக ஒரு கறுப்பினப் பெண் பயிற்சியாளருக்குப் போனது. வென்ற அணி கூடையின் வலையை அறுத்து எடுத்துக்கொள்வது வழக்கம். பெக் தன் வலையின் ஒரு துண்டை ஸ்டேலிக்குக் கொடுத்து, நீ ஜெயித்ததும் உன்னுடையதை இன்னொருவருக்குக் கொடு என்றார். 2017-இல் ஜெயித்த ஸ்டேலி, பின்னர் தன் வலையைத் துண்டுகளாக்கிக் கறுப்பினப் பெண் தலைமைப் பயிற்சியாளர்கள் பலருக்கும் அனுப்பிவைத்தார்.

குழந்தை, குடும்பம்?

கால்ட்வெல் டென்னசியின் முதல் பருவத்தின் நடுவில், 2025 ஜனவரியில், குழந்தை பெற்றார். ஓர் ஆட்டத்தை மட்டும் தவறவிட்டு ஒரு வாரத்தில் பெஞ்சுக்குத் திரும்பினார். இதைப் பாராட்டி நிறைய எழுதினார்கள். எனக்கு அது பாராட்ட வேண்டிய செய்தியா என்பதில் சந்தேகம் உண்டு.

இந்தியாவிலிருந்து ஒரு பெண் இந்தத் தொழிலுக்கு முயலலாமா?

முயலலாம். அங்கே ஆடியிருந்தால் எளிது. ஆடாவிட்டாலும் முதுநிலைப் படிப்புக்குப் போய், அணி அலுவலகத்தில் மாணவி உதவியாளராகவோ வீடியோ அறையிலோ நுழைவது நடைமுறைக்கு ஒத்த வழி. மாணவி விசாவில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் பகுதிநேர வேலை செய்ய அனுமதி உண்டு. ஆட்ட வீடியோவை அலசும் மென்பொருளை இங்கேயே கற்றுக்கொண்டு, ஏதாவது ஓர் அணியின் பத்து ஆட்டங்களை அலசி அந்தக் கோப்போடு கடிதம் எழுதுங்கள். வெறும் ஆர்வக் கடிதங்கள் அவர்களுக்கு மூட்டை மூட்டையாக வருகின்றன.

டிவிஷன் 1-இல் பெரிய இடம் கிடைக்காவிட்டால் தோல்விதானா?

பார்பரா ஸ்டீவன்ஸ் 1986-இல் டிவிஷன் 1 அணியான மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, பாஸ்டனுக்கு அருகே உள்ள பென்ட்லி என்ற டிவிஷன் 2 கல்லூரிக்கு வந்தார். கீழே இறங்கிப் போகிறார் என்றுதான் வெளியிலிருந்து தெரிந்திருக்கும். 34 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். 2014-இல் ஒரு தோல்விகூட இல்லாமல் 35 ஆட்டங்களை வென்று தேசியப் பட்டம் வாங்கினார். 2020-இல் ஓய்வு பெறும்போது மொத்த வெற்றி 1,058. அதே ஆண்டு கூடைப்பந்து புகழ்க்கூடத்துக்குத் தேர்வான பட்டியலில் கோபி பிரயன்ட், டிம் டங்கன், கிம் மல்க்கி ஆகியோரோடு அவருடைய பெயரும் இருந்தது.